கடலோரத் தெருவில் ஓர் அமானிதம்

 

வடசென்னை என்ற பெயரைக் கேட்டவுடன் உங்கள் மனக்கண்ணில் தோன்றுவது எது? வரிசை கட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகளா? காசிமேட்டின் மீன் ஏலமா? எண்ணூர் வானத்தில் எழும் புகைபோக்கிகளா? எல்லாமே அங்கே உண்டு. எனினும், இந்த மாதம் நான் உங்களை அழைத்துச் செல்லவிருப்பது வேறொன்றைத் தேடி. இராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை நீளும் அந்தக் கடலோரத்தில், டீசல் புகையும் உப்புக் காற்றும் கலந்து வீசும் சந்துகளில், அஸர் தொழுகைக்குப் பிந்திய நேரத்தில் நடந்து பாருங்கள். ஏதேனும் ஒரு மாடி வீட்டு ஜன்னலிலிருந்து சாக்லேட் கேக் வேகும் மணம் மிதந்து வரும். அந்த மணத்தின் பின்னே நாம் செல்வோம்.

"மார்க்கம் பேச வேண்டியவர் சாக்லேட் பேசுகிறாரே!" என்று நீங்கள் புருவம் உயர்த்தலாம். பெண்கள் மதரசாவில் ஓதிக் கொடுக்கும் என்னிடம் தாய்மார்கள் கேட்கும் மஸ்அலாக்களில் தொழுகை, நோன்புக்கு அடுத்தபடியாக மிகுந்திருப்பவை சமையலறைக் கேள்விகளே. "எஸன்ஸில் ஆல்கஹால் இருக்கிறதாமே, ஆலிமா, கூடுமா?" "ஜெலட்டின் போட்ட புட்டிங்கைப் பிள்ளைக்குக் கொடுக்கலாமா?" "பச்சைப் புள்ளி இருந்தால் ஹலால்தானே?" இந்தக் கேள்விகளைக் கேட்பவர்களில் பலர், வீட்டிலிருந்தபடியே கேக்கும் பிரவுனியும் செய்து விற்றுக் குடும்பத்திற்குத் தோள் கொடுக்கும் பெண்கள். அவர்களுக்கு இது வயிற்றின் கேள்வி, ஆகிரத்தின் கேள்வியும்கூட.

பர்மா பஜாரும் சபுராளிப் பெட்டியும்

நம் நடையை இராயபுரத்திற்குச் சற்றுத் தெற்கே, சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்தருகே தொடங்குவோம். இராஜாஜி சாலையின் ஓரமாக நீண்டு கிடக்கும் சிறு கடைகளின் வரிசைதான் பர்மா பஜார். பர்மாவிலிருந்து அனைத்தையும் இழந்து திரும்பிய தமிழர்களின் பிழைப்புக்காக 1969ஆம் ஆண்டு உருவானது. அதற்குப் பின்னே மண்ணடி. கீழக்கரையிலிருந்தும் காயல்பட்டினத்திலிருந்தும் இன்னும் பல ஊர்களிலிருந்தும் வந்த நம் மக்கள் வணிகம் செய்து வாழும் தெருக்கள்.

நம் முந்தைய தலைமுறைக்கு அயல்நாட்டுச் சாக்லேட் பெரும்பாலும் இரண்டு வழிகளில்தான் வந்தது. ஒன்று, இந்தப் பஜார். மற்றொன்று, சபுராளியின் பெட்டி. வளைகுடாவிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ வீட்டுக்காரர் வந்து இறங்கினால், அத்தர், சோப்பு, சேலைகளுக்கு அடியில் பொன்னிறத் தாள் சுற்றிய மிட்டாய்கள் கிடக்கும். உறவுக்கும் அண்டை வீட்டுக்கும் எண்ணி எண்ணிப் பங்கு வைத்தது போக மிஞ்சிய ஒன்றைப் பாவாடை நுனியில் வைத்துக் காக்காய்க் கடி கடித்து நால்வர் தின்ற காலம் அது. தாளைக்கூட வீசாமல் நகத்தால் தேய்த்து நேராக்கிப் பாடப் புத்தகத்துக்குள் வைத்துக் கொண்டோம். அன்று இனிப்பு அரிதாக இருந்ததால், பங்கிடுதல் தானாகவே வந்தது.

இன்று கோகோத் தூளும் கட்டிச் சாக்லேட்டும் மளிகைக் கடையிலேயே கிடைக்கின்றன. 2021ஆம் ஆண்டில் துபாயில் ஒரு கடை, பிஸ்தாப் பசையும் மெல்லிய குனாஃபா நூலும் உள்ளே வைத்த சாக்லேட்டை உருவாக்கிற்று. இரண்டு மூன்று ஆண்டுகளில் அது உலகெங்கும் பரவிவிட்டது. குனாஃபா நூல் கிடைக்காத வீடுகளில் நம் பெண்கள் சேமியாவை நெய்யில் பொன்னிறமாக வறுத்து அதே சாக்லேட்டைச் செய்துவிடுகிறார்கள்! கைத்திறனுக்குக் குறைவில்லை.

கசப்புக் கொட்டை கடந்து வந்த வழி

சாக்லேட்டின் மூலமான கோகோ, அமெரிக்கக் கண்டத்தின் வெப்ப மண்டலக் காடுகளைத் தாயகமாகக் கொண்ட மரம். அதன் காயைப் பிளந்து, வெண்சதையோடு கூடிய கொட்டைகளைச் சில நாள் புளிக்க வைத்து, வெயிலில் உலர்த்தி, வறுத்து அரைத்தால்தான் நாம் அறிந்த மணம் பிறக்கும். பச்சைக் கொட்டையை வாயில் போட்டால் கசப்புதான். 1753ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டுத் தாவரவியல் அறிஞர் லின்னேயஸ் இம்மரத்திற்குத் 'தெய்வங்களின் உணவு' என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார். ஏகன் ஒருவனையே வணங்கும் நமக்கோ அது அவன் தன் அடியார்களுக்கு இறக்கிய ரிஸ்க்.

1828ஆம் ஆண்டில் ஹாலந்து நாட்டின் வான் ஹூட்டன், கோகோவிலிருந்து கொழுப்பைப் பிழிந்து பிரிக்கும் முறையைக் கண்டார். 1847இல் இங்கிலாந்தின் ஃப்ரை நிறுவனம் கடித்துத் தின்னும் கட்டிச் சாக்லேட்டைச் செய்தது. அதுவரை சாக்லேட் பெரும்பாலும் பானமாகவே அருந்தப்பட்டது. நம் தமிழ் மண்ணுக்கும் கோகோ அயலானது அன்று. 1798ஆம் ஆண்டிலேயே கிழக்கிந்தியக் கம்பெனியார் குற்றாலத்தில் அதைச் சோதனையாக நட்டனர். இன்று பொள்ளாச்சி, ஆனைமலைப் பகுதித் தென்னந்தோப்புகளில் அது ஊடுபயிராக விளைகிறது.

நாயகம் (ஸல்) அவர்களின் காலத்தில் அரபு நாட்டில் இல்லாத ஒரு பொருளை நாம் எவ்வாறு நோக்குவது? உணவுப் பொருள்களில் அடிப்படை அனுமதியே என்பதும், தடுப்பதற்குத்தான் ஆதாரம் வேண்டும் என்பதும் ஃபிக்ஹு அறிஞர்கள் வகுத்துத் தந்த பொதுவிதி. காப்பியின் கதையை நினைத்துப் பாருங்கள். 1511ஆம் ஆண்டு மக்காவில் அதிகாரி ஒருவர் காப்பியைத் தடை செய்தார். அத்தடை நீடிக்கவில்லை. அறிஞர்கள் ஆய்ந்து, அது போதை தருவதன்று எனத் தெளிந்தனர். அதே மக்காவில் இன்று விருந்தினரை வரவேற்பதே கஹ்வாவோடுதான். சாக்லேட்டும் அவ்வாறே. கோகோவில் குற்றமில்லை. அதனோடு எது சேர்கிறது, அது யார் கையால் சேர்கிறது என்பதில்தான் கேள்வி தொடங்குகிறது.

இராயபுரத்தில் கற்ற பாடம்

பஜாரிலிருந்து வடக்கே நடந்தால் இராயபுரம். 1856ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள், தென்னிந்தியாவின் முதல் ரயில் இங்கிருந்துதான் வாலாஜா சாலைக்குப் புறப்பட்டது. நெடிய தூண்களோடு நிற்கும் அந்த நிலையக் கட்டடத்தை இன்றும் நீங்கள் காணலாம். படகோட்டி மக்கள் எழுப்பிய புனித இராயப்பர் தேவாலயம் இங்கே உண்டு. பார்சிகளின் அக்னி ஆலயம் 1910ஆம் ஆண்டிலிருந்து இங்கே இருக்கிறது. பள்ளிவாசல்களின் பாங்கோசையும் கோயில் மணியோசையும் கலந்து கேட்கும். அருகிலுள்ள ஸ்டான்லி மருத்துவமனையை முதியவர்கள் இன்னும் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்றே சொல்கிறார்கள். 1782ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் பசித்தோர்க்குக் கஞ்சி ஊற்றிய இடம் அது. மருத்துவமனையின் பெயரிலேயே அன்னதானத்தின் நினைவு ஒட்டிக்கொண்டிருக்கும் ஊர் எத்தனை இருக்கும், சொல்லுங்கள்!

இந்த இராயபுரத்தில் பிறந்து, திருவொற்றியூருக்கு வாழ்க்கைப்பட்ட ஒரு சகோதரியை நான் அறிவேன். அவருடைய மகள் என்னிடம் ஓதுகிறாள். பெயர் வேண்டா, அவரும் விரும்பமாட்டார். கேக் செய்ய அவருக்குக் கற்றுக் கொடுத்தவர், பக்கத்து வீட்டிலிருந்த ஆங்கிலோ இந்திய மூதாட்டி, ரயில்வேக் குடும்பம். டிசம்பர் பிறந்தால் அந்த வீட்டில் உலர்ந்த திராட்சையும் முந்திரியும் பழத்தோலும் ஜாடியில் ஊறும். ஊறுவது ரம் என்னும் மதுவில். அது அவர்கள் வழக்கம்.

அந்த மூதாட்டி ஆண்டுதோறும் இன்னொரு சிறு ஜாடியையும் வைப்பாராம். அதில் ஆரஞ்சுச் சாறு. முஸ்லிம் வீட்டுக்கென்று தனிக் கிண்ணம், தனிக் கரண்டி, தனித் தட்டு. "இது உங்கள் வீட்டுக்கு, கண்ணு. இதில் அது சேரவில்லை" என்று சொல்லி, மூடிய தட்டைக் கையில் கொடுப்பார். சகோதரியின் தாயார் மறு கேள்வி கேட்டதில்லை. எந்த முத்திரையும் இல்லை, எந்தச் சான்றிதழும் இல்லை. ஓர் அண்டை வீட்டுப் பெண்ணின் வாய்ச்சொல் போதுமானதாக இருந்தது.

"கேக் செய்யும் முறையை அந்த ஆன்ட்டியிடம் கற்றேன், ஆலிமா. அதைவிடப் பெரிய ஒன்றையும் அவர்களிடம்தான் கற்றேன்" என்றார் அந்தச் சகோதரி. அந்தப் பெரிய ஒன்றுக்கு நம் மொழியில் பெயர் அமானிதம்.

திருவொற்றியூர்ச் சமையலறை

2021ஆம் ஆண்டு பிப்ரவரியில் மெட்ரோ ரயில் விம்கோ நகர் வரை நீண்டதிலிருந்து திருவொற்றியூருக்குச் செல்வது எளிதாகிவிட்டது. ரயிலிலிருந்து கீழே பார்த்தால் ஒரு பக்கம் ஆலைகளின் கூரைகள், மறுபக்கம் நெருக்கமான வீடுகள், அதற்கப்பால் கடல். 1946ஆம் ஆண்டு கே.எம். மாம்மன் மாப்பிள்ளை என்னும் இளைஞர் இந்தத் திருவொற்றியூரில்தான் ஒரு கொட்டகையில் விளையாட்டுப் பலூன் செய்யத் தொடங்கினார். அதுவே பின்னாளில் எம்.ஆர்.எஃப். என்னும் பெரும் டயர் நிறுவனமாக வளர்ந்தது. சிறு கொட்டகையையோ சிறு அடுப்பையோ இந்த ஊரில் யாரும் எளிதாக எண்ணிவிட முடியாது.

நம் சகோதரியின் வீடு, கன்டெய்னர் லாரிகள் திரும்பும் சாலைக்குப் பின்னுள்ள ஒரு சந்தில் இருக்கிறது. கணவர் டிரெய்லர் ஓட்டுநர். தொடக்கத்தில் குக்கரில் மணல் பரப்பி, அதன் மேல் தட்டு வைத்துத்தான் கேக் செய்தார். இப்போது ஒரு சிறிய மின்னடுப்பு இருக்கிறது. இதை நவநாகரிகம் என்று எண்ணிவிடாதீர்கள்! நம் பாட்டிமார்கள் ரவையும் முட்டையும் சர்க்கரையும் கலந்து, சட்டிக்குக் கீழே கொஞ்சம் கனலும் மூடிக்கு மேலே கொஞ்சம் கனலும் வைத்துத் தம்மடை செய்தார்களே, அது வேறென்ன? 'தம்' போடத் தெரிந்த கைக்குக் கேக் அயலானதன்று.

ஆனால் சாக்லேட் பிடிவாதக்காரப் பிள்ளை. கோகோக் கொழுப்பு ஏறத்தாழ 34 டிகிரி வெப்பத்தில் உருகிவிடும். நாவில் வைத்ததும் கரைவதன் இரகசியம் அதுதான். சென்னையின் மே மாத வெயிலுக்கு அந்த இரகசியமே பகையாகிறது. உருக்கும் பாத்திரத்தில் ஒரு சொட்டு நீர் பட்டாலும் குழம்பு திரண்டு கட்டியாகிவிடும். கடற்காற்றின் ஈரம் பட்டால் மேற்பரப்பு வெளுத்துப் போகும். எனவே இச்சகோதரி சாக்லேட் வேலையை ஸுப்ஹுத் தொழுகைக்குப் பின், வெயில் ஏறுமுன் முடித்துவிடுகிறார். கொதிநீர்ச் சட்டியின் மேல் கிண்ணத்தை வைத்து, பாலாடையைச் சேர்த்து, 'பிஸ்மில்லாஹ்' சொல்லி மெல்லக் கலக்கும்போது அந்தக் கருமை கண்ணாடிபோல் பளபளக்கத் தொடங்கும். "அந்த ஒரு நொடிக்காகவே இந்த வேலையைச் செய்யலாம்" என்பார். இனிப்பையும் தேனையும் நாயகம் (ஸல்) அவர்கள் விரும்பினார்கள் என அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் வழியாக வரும் செய்தி புகாரியில் உள்ளதே! இனிப்பை நேசிப்பது குற்றமாகாது.

பச்சைப் புள்ளி சொல்வதும் சொல்லாததும்

இனி, தாய்மார்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளுக்கு வருவோம்.

இந்தியாவில் விற்கும் பொட்டலங்களில் சைவ உணவுக்குப் பச்சைப் புள்ளி இருக்க வேண்டும் என்பது சட்டம். விலங்கின் எந்தப் பகுதி சேர்ந்தாலும் அந்தப் புள்ளி வராது. எனவே பச்சைப் புள்ளியுள்ள சாக்லேட்டில் ஜெலட்டின் இல்லை என்று நீங்கள் கொள்ளலாம். ஆனால் மது விலங்கினத்தைச் சேர்ந்ததன்று. ஆகவே ஆல்கஹாலைப் பற்றி அந்தப் புள்ளி எதுவும் சொல்வதில்லை. பொட்டலத்தின் பின்புறத்துப் பொடி எழுத்தைப் படித்தே தீர வேண்டும். அயல்நாட்டுச் சாக்லேட்டுகளில் சில, நடுவில் மதுவை வைத்தே செய்யப்படுகின்றன. இறக்குமதிப் பொருளானால், இறக்குமதி செய்தவரின் முகவரியும் உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும் கொண்ட சீட்டு ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

வெனிலா எஸன்ஸ் சிலவற்றில் மணத்தைக் கரைத்து வைப்பதற்கு ஆல்கஹால் பயன்படுகிறது. இதைப் பற்றி மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளியுங்கள். ஹலாலும் தெளிவு, ஹராமும் தெளிவு, இடையே ஐயத்திற்குரியவை உண்டு, அவற்றைத் தவிர்ப்பவர் தம் மார்க்கத்தைக் காத்துக் கொண்டார் என்ற கருத்தில் நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் நபிமொழியை நினைவில் வையுங்கள். ஆல்கஹால் சேராத எஸன்ஸும் வெனிலாத் தூளும் கடையில் கிடைக்கும்போது பேணுதல் கடினமானதன்று.

ஜெலட்டின் என்பது விலங்கின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுக்கப்படும் பொருள். அது பன்றியினுடையதாக இருக்கலாம். முறைப்படி அறுக்கப்படாத மாட்டினுடையதாகவும் இருக்கலாம். புட்டிங்கை உறைய வைக்க இது இல்லாமல் முடியாதா என்றால், நம் நோன்புக் கால அடுக்களையைப் பாருங்கள்! இஃப்தார் தட்டில் நடுங்கிக் கொண்டிருக்குமே கடல்பாசி, அதுவே விடை. மன்னார் வளைகுடாவில் நம் கடலோரப் பெண்கள் மூழ்கியெடுக்கும் பாசிகளில் ஒன்றான மரிக்கொழுந்துப் பாசியிலிருந்து செய்யப்படுவது அது. ஜெலட்டின் உடற்சூட்டிலேயே இளகிவிடும். கடல்பாசியோ உறைந்த பின் ஏறத்தாழ 85 டிகிரி வரை தாங்கும். திருவொற்றியூர் வெயிலுக்கு அதைவிடப் பொருத்தமானது வேறில்லை. பாலில் கோகோவைக் கரைத்து, நன்கு காய்ச்சிய கடல்பாசியைச் சேர்த்து நம் சகோதரி செய்யும் சாக்லேட் புட்டிங்கை ரமளானில் அண்டை வீட்டார் ஆவலோடு எதிர்பார்க்கிறார்கள்.

விலை கொடுத்துக் காத்த நம்பிக்கை

ஒருமுறை நல்ல தொகைக்கு ஓர் ஆர்டர் வந்தது. ரம் சேர்த்த சாக்லேட் உருண்டைகள் நூறு வேண்டும் என்று. "உங்களுக்கு அல்லவே, எங்களுக்குத்தானே?" என்றாராம் கேட்டவர். சகோதரி பணிவாக மறுத்துவிட்டார். தானே பருகாவிட்டாலும் பிறருக்காக மதுவைக் கையாள்வதும் விற்பதும் கூடாது என்பது நம் மார்க்கம். ஆரஞ்சுச் சாற்றில் ஊறிய பழத்தோடு செய்து தருகிறேன் என்றார். வந்தவர் போய்விட்டார். அந்த மாதம் மகளின் பள்ளிக் கட்டணம் தாமதமாயிற்று.

அதனினும் கடினமான சோதனை பின்னர் வந்தது. உலகக் கோகோவில் பாதிக்கு மேல் மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட், கானா ஆகிய இரு நாடுகளில் விளைகிறது. அங்கே விளைச்சல் குன்றியதால், 2024ஆம் ஆண்டு டிசம்பரில் நியூயார்க் சந்தையில் டன் ஒன்றின் விலை 12,000 டாலரைத் தாண்டிற்று. பின்னர் இறங்கியது என்றாலும், அந்த ஏற்றத்தின் சூடு திருவொற்றியூர்ச் சந்து வரை வந்தது. சாக்லேட் கட்டியில் இரு வகை உண்டு என்பதை நீங்கள் அறிந்திருக்கலாம். கோகோக் கொழுப்பால் ஆனது ஒன்று. அந்தக் கொழுப்புக்குப் பதிலாக வேறு தாவரக் கொழுப்பைச் சேர்த்தது இன்னொன்று. அதைக் 'காம்பவுண்ட்' என்பார்கள். இரண்டாவது மலிவு, வெயிலையும் ஓரளவு தாங்கும். உண்பவர்களில் பலருக்கு வேறுபாடு தெரியாது. முதலாவதன் பெயரைச் சொல்லி இரண்டாவதை வைத்தால் கண்டுபிடிப்பவர் அரிது.

ஒரு திருமண வீட்டுக்கு அசல் சாக்லேட்டில் செய்து தருவதாக விலை பேசியிருந்தார் இவர். விலை ஏறியதும், "இந்த விலைக்குக் காம்பவுண்டில்தான் முடியும், அல்லது இவ்வளவு கூடுதலாகும்" என்று உள்ளதைச் சொன்னார். அவர்கள் வேறிடம் சென்றுவிட்டார்கள். "சொல்லாமலே செய்திருக்கலாமே?" என்று உறவினர் ஒருவர் கேட்டபோது அவர் சொன்ன விடை எளிது: "அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியுமே!"

கடைவீதியில் தானியக் குவியலுக்குள் நாயகம் (ஸல்) அவர்கள் கையை விட்டபோது, உள்ளே ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. நனைந்ததை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவர் அல்லர் எனும் பொருளில் எச்சரித்தார்கள். முஸ்லிமில் பதிவான இந்நிகழ்ச்சியில் அந்தத் தானியம் ஹராமான பொருளா? இல்லையே! ஹலாலான தானியம்தான். மறைத்ததுதான் குற்றமாயிற்று. பன்றிக் கொழுப்பும் மதுவும் இல்லாத ஒரு கேக், மறைப்பினால் மாசுபடக் கூடும் என்பதை நம் சகோதரிகள் உணர வேண்டும்.

இந்த அமானிதம் நம் மக்களோடு நின்றுவிடுவதும் அன்று. முட்டை உண்ணாத குடும்பங்கள் இவரிடம் முட்டையில்லாக் கேக் வாங்குகிறார்கள். அதற்கென இவரிடம் தனிக் கிண்ணம், தனிக் கரண்டி, தனித் தட்டு. வந்து பார்ப்பவர் யாருமில்லை. கழுவிவிட்டு ஒரே கிண்ணத்தைப் பயன்படுத்தினாலும் யாருக்கும் தெரியாது. ஆயினும், இராயபுரத்து மூதாட்டி அன்று முஸ்லிம் வீட்டுக்காகத் தனி ஜாடி வைத்தாரே, அந்த ஜாடிதான் இன்று திருவொற்றியூரில் வேறொரு சமூகத்தாருக்காகத் தனிக் கிண்ணமாக நிற்கிறது. நம் நம்பிக்கையை மதித்தவர்களுக்கு நாம் செலுத்தும் நன்றிக் கடன் இதுதான்.

எண்ணூரின் காற்றில்

இன்னும் வடக்கே சென்றால் கத்திவாக்கம், எண்ணூர். கொசஸ்தலையாறு கடலோடு கலக்கும் முகத்துவாரம். அதன் கரையில் மீனவர் குடியிருப்புகள். சுற்றிலும் ஆலைகள், சாம்பல் மேடுகள், நிலக்கரி. 2023ஆம் ஆண்டு டிசம்பரை எண்ணூர் மக்கள் மறக்க மாட்டார்கள். மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து முகத்துவாரத்தில் படர்ந்தது. வலைகளும் படகுகளும் கறுத்தன. அதே மாதம் 26ஆம் நாள் நள்ளிரவு அமோனியா வாயு கசிந்து, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு மக்கள் தெருவில் ஓடினர். மூச்சுக்கே பயந்த அந்த நாள்களில் கேக் கேட்டு யார் வருவார்?

மின்சாரம் திரும்பியதும் நம் சகோதரி கையிலிருந்த கோகோத் தூளையும் மாவையும் கொண்டு எளிய கேக்குகள் செய்து, எண்ணூரிலுள்ள உறவினர் வீட்டின் வழியாக அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குத் துண்டு போட்டுக் கொடுத்தார். மீன் குழம்பு மணக்க வேண்டிய வீடுகளில் அன்று அந்த மணமாவது இருக்கட்டுமே என்பது அவர் எண்ணம். குழம்பு காய்ச்சினால் நீரைக் கூட்டி அண்டை வீட்டாரையும் கவனிக்குமாறு அபூதர் (ரலி) அவர்களுக்கு நாயகம் (ஸல்) அவர்கள் பகர்ந்ததைப் பாடமாக நான் நடத்துகிறேன். அவர் அடுப்பில் நடத்துகிறார்.

திருமறை, அல்பகரா அத்தியாயத்தின் 168ஆம் வசனத்தில், மனிதகுலம் முழுவதையும் அழைத்து, ஹலாலானதையும் 'தய்யிப்' ஆனதையும் உண்ணச் சொல்கிறது. தய்யிப் என்றால் தூயது, நல்லது. இந்த இரண்டாம் சொல்லை நாம் விரைந்து கடந்துவிடுகிறோம். 2020ஆம் ஆண்டு சிகாகோ பல்கலைக்கழக ஆய்வு நிறுவனம் ஒன்று வெளியிட்ட அறிக்கை, ஐவரி கோஸ்ட், கானா கோகோத் தோட்டங்களில் 15 இலட்சத்திற்கும் மேற்பட்ட சிறுவர் உழைப்பதாகக் கூறிற்று. நம் பிள்ளையின் கையிலுள்ள இனிப்பின் பின்னே இன்னொரு பிள்ளையின் காய்த்துப்போன கை இருக்கக் கூடும். பொள்ளாச்சித் தோப்பில் விளைந்த கோகோ கிடைக்குமிடத்தில் அதைத் தேடுவதும், அளவோடு உண்பதும், பங்கிட்டு உண்பதும் நம்மால் இயன்றவை. தய்யிபை நாடும் உள்ளம் இத்தனையையும் எண்ணிப் பார்க்கும்.

அன்புச் சகோதரிகளே! உங்களில் வீட்டிலிருந்து கேக் செய்து விற்பவர் இருந்தால், உங்கள் தொழிலைச் சிறியதாக எண்ணாதீர்கள். தாவூது நபி (அலை) அவர்கள் தம் கை உழைப்பால் உண்டார்கள். அன்னை ஜைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்கள் தம் கைத்திறனால் ஈட்டி, ஏழைகளுக்கு வாரி வழங்கினார்கள். அரசின் உணவுப் பாதுகாப்புப் பதிவை முறையாகப் பெற்றுக் கொள்ளுங்கள். என்னென்ன சேர்த்தீர்கள் என்பதைத் தமிழில் எழுதிப் பெட்டியின் மேல் ஒட்டுங்கள். முட்டை உண்டா, காம்பவுண்டா, எந்த எஸன்ஸ் என்பதை வாங்குபவர் கேட்குமுன் நீங்களே சொல்லுங்கள்.

அடுத்தமுறை வடசென்னைச் சாலையில் கன்டெய்னர் வரிசையில் மாட்டிக்கொண்டால், அந்தப் பெட்டிகளைப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் பூட்டு, பூட்டின் மேல் முத்திரை. ஐயம் வந்தால் சுங்க அதிகாரி உடைத்துப் பார்ப்பார். சந்துக்குள்ளிருந்து வெளிவரும் கேக் பெட்டிக்கோ ஒரு நாடா முடிச்சு மட்டுமே. அதனுள் என்ன இருக்கிறது என்பதைச் செய்தவள் அறிவாள். அவளைப் படைத்தவன் அறிவான். அந்த நாடாவை நம்பித்தான் ஒரு குடும்பம் தன் பிள்ளையின் வாயில் இனிப்பை வைக்கிறது.

நம் கைகளில் பிறர் ஒப்படைக்கும் ஒவ்வொரு நம்பிக்கையையும் பழுதின்றிக் காக்கும் பேற்றினையும், ஹலாலும் தய்யிபுமான உணவில் பரக்கத்தையும் வல்ல நாயன் நம் இல்லங்களுக்கு அருள்வானாக! ஆமீன்.